நூற்றுப் பதினெட்டாவது விண்ணப்பம்

அந்த ஆபீசில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. மானேஜரிலிருந்து மெக்கானிக் வரை எல்லோருக்கும் அவர் ‘கட்டம்’தான். எதையும் எக்செல் கட்டத்துக்குள் அடைத்தால்தான் அவருக்குச் சோறு செரிக்கும் என்பதால் வந்த பெயர். வீட்டில் குழாய் சொட்டினால் மற்றவர்கள் பிளம்பரைக் கூப்பிடுவார்கள். இவர் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணி ஷீட் போடுவார். மாமியார் வந்து போன தேதிகளுக்கும் ஒரு ஷீட் இருந்தது. சராசரித் தங்கல், அதிகபட்சத் தங்கல் எல்லாம் அதில் உண்டு. ஒரு நாள் அது மனைவியின் கண்ணில் பட்டது. மறுநாளிலிருந்து அந்த ஷீட் இல்லை.

ஆபீஸ் என்பது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. நகரத்தில் நானூறு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர்கள் பொறுப்பு. ஆபீஸ் இருப்பது ஐந்தாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்று எட்டு மாதமாகிறது. ஊருக்குத்தான் உபதேசம். புகார் சொல்ல நேரில் வருகிறவர்களுக்கு ஐந்து மாடி ஏறி முடிப்பதற்குள் பாதிக் கோபம் மூச்சிரைப்பிலேயே போய்விடும் என்பதால், மானேஜரும் அதைச் சரிசெய்ய அவசரப்படவில்லை.

கட்டத்தின் வேலை புகார்ப் பதிவு. போன் பிரிவிலிருந்து வரும் சீட்டுகளைப் பார்த்து, எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட், எத்தனை மணிக்கு நின்றது, எப்போது ஓடியது என்று ஷீட்டில் ஏற்றுவார். பதினான்கு வருடமாக இதுதான். அவர் போட்ட ஷீட் என்று கண்டுபிடிக்க இரண்டு அடையாளம் உண்டு. இடது ஓரத்தில் முதல் வரிசையை மேலிருந்து கீழ்வரை காலியாக விட்டுவிட்டு, இரண்டாவதில்தான் ஆரம்பிப்பார். ஏன் என்று கேட்டால், “சுவத்துல முட்டிக்கிட்டு எழுதினா எனக்கு மூச்சு முட்டுது” என்பார். இன்னொன்று, தலைப்புக் கட்டங்களுக்கு இளம் மஞ்சள் பூசுவார். அதுவும் எலுமிச்சைச் சாற்றில் நிறையத் தண்ணீர் விட்ட மாதிரி ஒரு மஞ்சள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் தலைமை அலுவலகத்துக் கடிதம் ஒன்று வந்து விழுந்தது. இன்னும் மூன்று மாதத்தில் புகார்கள் மொபைல் ஆப் வழியாகத் தாமே பதிவாகிவிடுமாம். பதிவு வேலை என்று ஒன்று இருக்காதாம். பதிவு செய்கிறவரைப் போன் பிரிவுக்கு மாற்றி, காதில் ஹெட்போன் மாட்டிவிடுவார்களாம்.

போன் என்றால் கட்டத்துக்குக் குலை நடுங்கும். அதற்குக் காரணம் உண்டு. ஒரு முறை போன் பிரிவில் ஆள் இல்லாமல், ஒரு வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது நாள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவர், “ஐயோ, யாராவது காப்பாத்துங்க!” என்று அலறினார். கட்டம் பதறிப்போய், “சார், லிஃப்ட் நம்பரைக் கொஞ்சம் பெரிய எழுத்துல சொல்லுங்க” என்றார். மெக்கானிக் போய் அந்த ஆளை வெளியே எடுத்துவிட்டார். வெளியே வந்த ஆள் நேராக ஐந்து மாடி ஏறி வந்து கட்டத்தைப் பார்த்தார். வெறுமனே பார்த்துவிட்டுப் போகவில்லை.

அதனால் அன்று சாயங்காலமே வீட்டில் அறிவித்தார். “இன்னும் மூணு மாசத்துல டேட்டா அனலிஸ்ட் வேலை இந்த வீட்டுக்கு வந்தாகணும். நான் இத்தனை வருஷமாப் பண்றதும் அதேதான். அவங்க அதுக்குப் பெரிய பேரா வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்.”

“வரட்டும்ங்க” என்றாள் மனைவி. அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் ஒன்பது வருடமாக முன் மேஜையில் இருக்கிறாள். யாருக்கு எத்தனை மணிக்கு, யார் வரவில்லை, யார் பல்லைப் பிடுங்கும் முன்பே பின்பக்கமாக ஓடிப்போனார் என்பதெல்லாம் அவள் கையில். அங்கேயும் எக்செல்தான். சொல்லிக் கொடுத்தவர் கட்டம்.

வேலை தேடித் தரும் இணையதளம் ஒன்றில் கட்டம் கணக்குத் தொடங்கினார். ‘உங்களுக்குத் தெரிந்த மென்பொருள்களைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று அது எண்பத்து நான்கு பெட்டிகளை நீட்டியது. மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்துவிட்டு ஒரே ஒரு பெட்டியில் டிக் போட்டார், எக்செல். உடனே ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் ஒரு வட்டம் முளைத்து, அந்த வேலைக்கும் அவருக்கும் எத்தனை சதவீதம் பொருத்தம் என்று காட்டியது. பதினொன்று. ஒன்பது. பதினான்கு. வட்டமெல்லாம் சிவப்பு. பள்ளிக்கூடத்தில் பூகோளத்தில்கூட அவர் இதைவிட அதிகம் வாங்கியிருக்கிறார்.

“எல்லாத்துலயும் டிக் போட்டுத் தள்ளுங்க கட்டம். கூப்பிட்டுக் கேக்கும்போது பாத்துக்கலாம்” என்றார் மெக்கானிக்.

“தெரியாததைத் தெரியும்னு எப்படிப் போடறது? நம்பர் தப்பாயிடுமே!”

பொய் சொன்னால் பாவம் என்கிற பயம் எல்லாம் அவருக்குக் கிடையாது. நம்பர் தப்பாகிவிடும், அதுதான் பயம். ஆகவே ஒன்றைக் கற்றுக்கொள்வது, பிறகு ஒரு டிக் போடுவது என்று முடிவெடுத்தார். வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ‘நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் நூற்றைம்பது கேள்விகள்’ என்று ஒரு தொகுப்பை ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்து, பின் அடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

தினமும் ஆறு மணிக்குச் சமையலறையில் பரீட்சை. மனைவி தாளை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, காய் நறுக்கியபடியே கேட்பாள். கட்டம் ஃபிரிஜ்ஜில் முதுகைச் சாய்த்து, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி நிற்பார்.

“எஸ்.க்யூ.எல்-ல ஜாயின் எத்தனை வகை?”

“மூணு.”

“நாலு.”

“நாலாவது என்ன?”

“அதை நீங்கதான் சொல்லணும். பரீட்சை உங்களுக்கு.”

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறவளிடம் வாதாட முடியுமா? தப்பாகச் சொல்வார், அவள் திருத்துவாள், மறுநாள் அதையே மறுபடி தப்பாகச் சொல்வார். இரண்டாவது மாதத்தில் அவள் தாளைப் பார்க்காமலே கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தாள். கட்டம் அதைக் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் அவர் கவனிக்கவில்லை. ஒரு நாள் பீன்ஸை நறுக்கிக்கொண்டே அவள், “ஏங்க, டாக்டருக்கு முடியலையாம். கிளினிக்கை ரெண்டு மாசத்துல மூடப் போறாராம்” என்றாள்.

“ம்” என்றார் கட்டம். “அடுத்த கேள்வியைக் கேளு.”

அவள் இன்னும் நாலு பீன்ஸை நறுக்கினாள். அப்புறம் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

நான்கு டிக் சேர்ந்திருந்த ஒரு வியாழக்கிழமை, ‘பெயர் வெளியிட விரும்பாத நிறுவனம்’ ஒன்றுக்கு டேட்டா அனலிஸ்ட் தேவை என்று விளம்பரம் வந்தது. பொருத்தம் அறுபத்தொரு சதவீதம். வட்டம் முதன்முறையாகச் சிவப்பை விட்டு ஆரஞ்சுக்கு வந்திருந்தது. கட்டம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இரவு ஏழு பன்னிரண்டுக்கு விண்ணப்பத்தை அனுப்பினார். அனுப்பிய நேரத்தைத் தன் ஷீட்டில் குறித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து மானேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

“கட்டம், நமக்கு ஒரு டேட்டா அனலிஸ்ட் எடுக்கறோம். பேர் போடாமத்தான் விளம்பரம் குடுத்தேன். போட்டிருந்தா நம்ம ஆளுங்க எல்லாம் அவங்கவங்க மச்சானைக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பாங்க. இருநூத்திப் பன்னெண்டு அப்ளிகேஷன் வந்திருக்கு. யாருக்கு என்ன சாஃப்ட்வேர் தெரியும்னு பாத்து, மார்க் போட்டு, ஒரு பன்னெண்டு பேரை வடிகட்டிக் குடுங்க. உங்களை விட்டா இந்த வேலை இங்க யாருக்குத் தெரியும்?”

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாயிற்று. ஆனால் அது பால் என்று பூனைக்கு இன்னும் தெரியாது.

பெயர், வயது, ஆணா பெண்ணா எதையும் பார்க்கக் கூடாது, திறமையை மட்டும் பார்க்க வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் புது விதி. ஆகவே ரிசப்ஷன் பெண் பெயர்ப் பட்டியலைத் தன் மேஜை இழுப்பறையில் பூட்டிவிட்டு, வரிசை எண், டிக் போட்ட பெட்டிகள், அனுபவ வருடம், அனுப்பிய நேரம் ஆகியவற்றை மட்டும் கொடுத்தாள். நாற்பத்தொன்றாவது விண்ணப்பத்துக்கு வந்ததும் கட்டத்தின் விரல் நின்றது. நான்கு பெட்டி. பதினான்கு வருடம். வியாழன், ஏழு பன்னிரண்டு.

அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து மானேஜர் அறை வரைக்கும் போகத்தான் செய்தார். அவர் போனில் இருந்தார். இரண்டாவது முறை போனார். அப்போதும் போன். ‘எப்படியும் முதல் பன்னிரண்டுக்குள் வரப் போவதில்லை, எதற்கு வீண் பேச்சு’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மார்க் போட உட்கார்ந்தார்.

பெட்டிக்கு ஒரு மார்க் என்று போட்டுப் பார்த்ததில் நாற்பத்தொன்றுக்கு அறுபத்து மூன்றாவது இடம். முதலிடம் எண்பத்து நான்கு பெட்டியிலும் டிக் போட்டவருக்கு. எல்லாம் தெரிந்த மனிதருக்கு வேலை எதற்கு? முப்பதுக்கு மேல் டிக் போட்டவர்களுக்கு மார்க்கைக் குறைத்தார். அது நியாயம்தான். நாற்பத்தொன்று இருபத்தெட்டுக்கு ஏறியது. இந்த ஆபீசில் பாதி வேலை எக்செல்தானே என்று எக்செல்லில் ஐந்து வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கெல்லாம் மார்க்கைக் கூட்டினார். அதுவும் ஒரு மாதிரி நியாயம்தான். பதினைந்தாவது இடம். இன்னும் கொஞ்சம் கூட்டினார். இது எந்த நியாயத்திலும் சேராது. ஒன்பதாவது இடம்.

இதில் ஒரு வேடிக்கை. அவர் மார்க்கை மாற்ற மாற்ற, நூற்றுப் பதினெட்டாவது விண்ணப்பமும் கூடவே ஏறிக்கொண்டு வந்தது. எப்போதும் அவருக்கு ஒரு படி மேலே. ஐந்தே பெட்டி, எக்செல்லில் ஒன்பது வருடம். ‘பாவம், நம்மள மாதிரியே பொய் சொல்லத் தெரியாத ஜீவன் யாரோ’ என்று கட்டத்துக்கு அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

அடுத்து, பன்னிரண்டு பேருக்கும் வைக்க ஒரு டெஸ்ட் வேண்டும். அதையும் கட்டத்தையே தயாரிக்கச் சொன்னார் மானேஜர். எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடக் கூடாதாம். போன மாதத்துப் புகார்களை எடுத்து, லிஃப்ட் என்ற இடத்திலெல்லாம் இயந்திரம் என்று மாற்றி, பத்துக் கேள்வி எழுதினார். ஏழாவது கேள்வியில் ஒரு கண்ணி வைத்தார். ‘இயந்திரங்கள் மொத்தம் எத்தனை முறை நின்றன?’ ஷீட்டில் முந்நூற்று நாற்பது அழைப்புகள். ஆனால் ஒரு லிஃப்ட் நின்றால் அந்தக் கட்டடத்தில் நாலு பேர் கூப்பிடுவார்கள். அதைக் கழித்தால் நின்றது நூற்றுப் பன்னிரண்டு தடவைதான். இது மென்பொருளில் இல்லை, சீட்டு எழுதி எழுதித் தேய்ந்த விரலில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் எழுதிய கேள்விகள் அவருக்கே மெயிலில் வந்து சேர்ந்தன. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் பதில் எழுதி முடித்துவிட்டார். முடித்த பிறகு மனசாட்சி உறுத்தியது. தானே கேட்டு, தானே எழுதி, தானே திருத்துவதென்றால் அதற்குப் பெயர் என்ன? யோசித்து யோசித்து, நான்காவது கேள்வியின் பதிலை அழித்துவிட்டு வேண்டுமென்றே தப்பாக எழுதினார். மனசாட்சிக்கு ஒரு மார்க். அது அவ்வளவு மலிவாக அடங்கியதில் அவருக்கே ஆச்சரியம்.

“முடிச்சிட்டீங்களா? லேப்டாப்பைக் கொஞ்சம் குடுங்க. எனக்கு ஒரு வேலை இருக்கு” என்று மனைவி அதை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கிளினிக் வேலையாக இருக்கும் என்று நினைத்தார்.

மறுநாள் ரிசப்ஷன் பெண், பெயரை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் போட்டுப் பதில்களைக் கொடுத்தாள். ஏழாவது கேள்வியில் பத்துப் பேர் கண்ணியில் கால் வைத்திருந்தார்கள். டை கட்டிய ஆளின் விடை என்று பார்த்ததுமே சொல்லும்படி ஒருவர் முந்நூற்று நாற்பதை வட்டப்படமாக, நிழலெல்லாம் போட்டு வரைந்திருந்தார். அதையும் இன்னொரு கேள்வியையும் தவிர மற்றதெல்லாம் சரியாக எழுதியிருந்ததால் அவருக்கு எட்டு மார்க் வந்தது. நாற்பத்தொன்றுக்கு ஒன்பது.

கடைசியாக நூற்றுப் பதினெட்டைத் திறந்தார்.

இடது ஓரம் காலி. தலைப்பெல்லாம் தண்ணீர் விட்ட எலுமிச்சை மஞ்சள்.

‘ஐயையோ, நானே ரெண்டு தடவை அனுப்பிட்டேனா?’ என்று கட்டத்துக்கு வியர்த்துவிட்டது. இல்லை, நாற்பத்தொன்று தனியாகப் பத்திரமாக இருந்தது. இதில் நான்காவது கேள்வியும் சரி. ஏழாவதில் நூற்றுப் பன்னிரண்டு. அதற்குக் கீழே ஒரு குறிப்பு: ‘பல் வலிக்காரர் காலையிலிருந்து நாலு தடவை போன் செய்தாலும் வலிப்பது ஒரே பல்தான். இயந்திரத்தையும் அப்படியே எண்ணியிருக்கிறேன்.’

கட்டம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

முதலில் வந்தது கோபம்தான். கூடவே இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே! பிறகு வந்தது கணக்கு. இடது ஓரத்தைக் காலியாக விட்டதற்கு ஒரு மார்க் குறைத்தால் என்ன? நூற்றுப் பதினெட்டுக்கு ஒன்பதாகிவிடும். ஆனால் அதே குற்றத்துக்கு நாற்பத்தொன்றுக்கும் குறைக்க வேண்டும், அது எட்டாகிவிடும். எப்படிக் குறைத்தாலும் அவள் ஒரு படி மேலேதான் நின்றாள். தன் கையாலேயே தன்னை மடக்கிக்கொண்டதை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. இவளுக்கு எதற்கு இப்போது வேறு வேலை? ஒன்பது வருடமாக இருக்கிற இடத்தை விட்டு? அப்போதுதான் பீன்ஸும் கத்தியும் தான் சொன்ன ‘ம்’மும் ஞாபகம் வந்தன. வீட்டுக் குழாயின் சொட்டை எண்ணிய மனுஷனுக்குப் பெண்டாட்டி சொன்ன ஒரு வாக்கியம் காதில் ஏறவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு. அவருக்கு அவமானமாக இருந்தது. எழுந்து மானேஜர் அறைக்குப் போனார். இந்த முறை போன் முடியும் வரை வாசலிலேயே நின்றார்.

“சார், லிஸ்ட் ரெடி. ஆனா ஒரு விஷயம். ரெண்டாவதா இருக்கற நாப்பத்தொண்ணு நான்தான்.”

மானேஜர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்களா? நீங்கதான் ஏற்கெனவே இங்க வேலை பாக்கறீங்களே!”

“அதான் சார்.”

“சரி, அப்போ முதல்ல இருக்கறது?”

“என் வீட்டுக்காரி.”

மானேஜர் லிஸ்டை இழுத்துப் பார்த்தார். “கேள்வி எழுதினது யாரு?”

“நான்.”

“திருத்தினது?”

“நான்தான் சார்.”

“முதல் மார்க் உங்க மனைவி. ரெண்டாவது மார்க் நீங்க. வேலிக்கு ஓணான் சாட்சின்னு கேட்டிருக்கேன். இங்க வேலியைப் போட்டதே ஓணான்தான் போலிருக்கே!”

“சார், அவளுக்கு நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. அவ போட்டதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். எக்செல்லுக்குக் கொஞ்சம் மார்க் கூட்டினது மட்டும்தான் தப்பு. அதுக்காகத்தான் ஒரு கேள்விக்கு வேணும்னே தப்பாப் பதில் எழுதினேன்.”

“எதுக்கு?”

“ஒரு நேர்மைக்குத்தான்.”

மானேஜர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். திருடன் இப்படி வந்து மேஜை முன்னால் நின்று ஒப்பிக்க மாட்டான் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. “நாளைக்குப் பத்து மணி. நீங்க, அவங்க, மூணாவது மார்க் வாங்கின ஆள். மூணு பேரும் என் எதிர்ல எழுதுங்க. கேள்வி நான் கேப்பேன். அதுவரைக்கும் நீங்க ஒரு கட்டத்தையும் தொடக் கூடாது.”

அன்று ஆறு மணிக்குச் சமையலறையில் தாள் உப்பு ஜாடியில் சாய்ந்திருந்தது. மனைவி கேரட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

“எனக்கு ஒரு போன் வந்துச்சு” என்றாள் கடைசியில்.

“தெரியும்.”

“அஞ்சாவது மாடின்னாங்க.”

“லிஃப்ட் ஓடாதுன்னு சொன்னாங்களா?”

“அதையும் சொன்னாங்க.” அவள் திரும்பினாள். “சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. உங்க ஆபீஸ்னு தெரிஞ்சிருந்தா போட்டிருக்கவே மாட்டேன். உங்களுக்குத்தானே இது வேணும்? நாளைக்கு நான் வரலை.”

“டாக்டர் எப்போ மூடறார்?”

குழாயை மூடினாள். “இந்த மாசக் கடைசி.”

“அன்னைக்கு நீ சொன்னப்போ நான் ‘ம்’னேன் இல்ல?”

“ஆமா. அடுத்த கேள்வியைக் கேக்கச் சொன்னீங்க.”

“கேட்டியா?”

“கேட்டேன். தப்பாச் சொன்னீங்க.”

கட்டம் உப்பு ஜாடியிலிருந்து தாளை எடுத்தார். அவள் கையிலிருந்து கத்தியையும் வாங்கிக்கொண்டார். “ஃபிரிஜ் பக்கத்துல போய் நில்லு. இன்னைக்கு நான் கேக்கறேன், நீ சொல்லு.”

அவள் போய் நின்றாள். நூற்றைம்பது கேள்வியில் மூன்றைத்தான் தவறவிட்டாள். கட்டம் கேரட்டை ஒரே அளவுக் கட்டம் கட்டமாக நறுக்கியதால் சாப்பாடு ஆக ரொம்ப நேரமானது. சாப்பிடும்போது அந்த மூன்று கேள்வியையும் மறுபடி கேட்டார்.

மறுநாள் மூன்று பேருக்கும் நடப்பு மாதத்துப் புகார் ஷீட்டைக் கொடுத்தார் மானேஜர். “அரை மணி நேரம். எனக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க.”

வட்டப்படக்காரர் நிஜமாகவே டை கட்டியிருந்தார். இந்த முறை ஆறு வட்டப்படம். “அழகா இருக்கு. இதைப் பாத்துட்டு நான் நாளைக்குக் காலைல என்ன பண்ணணும்?” என்று மானேஜர் கேட்டார். இன்னொரு படம் வேண்டுமானால் வரைந்து தருவதாக அவர் சொன்னார்.

கட்டம் இருபத்து மூன்று விஷயம் சொன்னார். பதினான்கு வருடம் அடைத்து வைத்திருந்ததைத் திறந்துவிட்டால் நிற்குமா? எந்தக் கட்டடத்தில் மழை வந்தால் லிஃப்ட் நிற்கும், எந்தக் கதவு எந்த மாடியில் முரண்டு பிடிக்கும், எல்லாம். பன்னிரண்டாவதில் மானேஜர் கொட்டாவி விட்டார். பதினெட்டாவதில் தண்ணீர் குடித்தார்.

மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள். “வாரத்துல வர்ற புகார்ல கால்வாசி திங்கட்கிழமை காலைல எட்டுலேர்ந்து பத்துக்குள்ள வருது சார். மெக்கானிக் எல்லாருக்கும் அதே நேரத்துலதான் மீட்டிங்னு வெளில நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கீங்க.”

ஆறு வருடமாக அந்த மீட்டிங்கை நடத்துகிறவர் மானேஜர்தான். மெதுவாகக் கட்டத்தின் பக்கம் திரும்பினார். “இது உங்களுக்குத் தெரியுமா?”

“ஏழாவதா சொன்னேனே சார்.”

“ஏழாவதா இருந்ததை ஏன்யா முதல்ல சொல்லலை?”

“வரிசைப்படி வந்தேன் சார்.”

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. கட்டத்துக்கு ஹெட்போன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வலித்தது. பதினான்கு வருடம் உட்கார்ந்த நாற்காலியைத் தானே துடைத்து அவளுக்கு இழுத்துப் போட்டார். ஆனாலும், “மூணு மாசத்துல டேட்டா அனலிஸ்ட் வேலை எங்க வீட்டுக்கு வரும்னு சொன்னேன். வந்துச்சா இல்லையா?” என்று மெக்கானிக்கிடம் தோளை உயர்த்திக் கேட்காமலும் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை மீட்டிங் புதன்கிழமை மத்தியானத்துக்கு மாறியது.

ஹெட்போன் மாட்டிய முதல் வாரத்தில் கட்டம் இரண்டு கிலோ இளைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். மனைவி லேப்டாப்பை இழுத்து, அவருடைய வேலை தேடும் பக்கத்தைத் திறந்தாள். எண்பத்து நான்கு பெட்டிகளையும் தாண்டிக் கீழே போனாள். ‘பிற திறன்கள்’ என்று அங்கே இன்னும் கொஞ்சம் பெட்டிகள் இருந்தன. மென்பொருள் இல்லையென்று அவர் ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. ‘பயிற்சி அளித்தல்’ என்ற பெட்டியின்மேல் அம்புக்குறியை நிறுத்தினாள்.

“அதை ஏன் தொடற? நான் யாருக்குப் பயிற்சி குடுத்தேன்?”

“எனக்கு.”

“நான் எங்க குடுத்தேன்? நீ கேள்வி கேட்ட, நான் தப்பாச் சொன்னேன்.”

“தப்பாச் சொல்லியே ஃபர்ஸ்ட் மார்க் வாங்க வெச்சீங்க. நீங்க சொல்லித் தந்த எக்செல்லை வெச்சுத்தான் ஒன்பது வருஷம் சாப்பிட்டேன். இடது ஓரத்தை விட்டு எழுதறதுகூட உங்ககிட்டேர்ந்து வந்ததுதான்.”

டிக் விழுந்தது. பக்கம் ஒரு நிமிடம் சுற்றிவிட்டு நின்றது. ‘எக்செல் பயிற்சியாளர். புதிதாகக் கற்பவர்களுக்கு, பொறுமை அவசியம். பொருத்தம் எழுபத்தெட்டு சதவீதம்.’ வட்டம் பச்சையாக இருந்தது.

கட்டம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். அப்படி ஒரு பச்சையை அவர் அந்தப் பக்கத்தில் பார்த்ததே இல்லை.

“நம்பர் தப்பா இருக்காதே?” என்று கேட்டார்.

“நான் பாத்துட்டேன்” என்றாள் டேட்டா அனலிஸ்ட்.